பாயிண்ட் வாத்தியாரும் அலாஸ்கா கப்பலும்

வணக்கம். எல்லோரும் சௌக்கியமா? மூட்டுவலியும் சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்கின்றனவா? வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறீர்கள் அல்லவா? இங்கே ஃபுளோரிடாவில் மத்தியானமானால் ஒரு இடி, ஒரு மழை, அப்புறம் மறுபடியும் பழைய புழுக்கம். மற்றபடி சுகம்தான். எங்கள் குடியிருப்பில் நடந்த ஒரு சங்கதியை உங்களுக்குச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். நடுவில் கொஞ்சம் தலை சுற்றும். எங்கள் எல்லோருக்கும் சுற்றியது. இருந்தாலும் பொறுமையாகக் கேளுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை என்றால் நீச்சல் குளத்துப் பந்தலின் கீழே வெர்லின் உட்கார்ந்திருப்பார். எழுபது தாண்டியவர். ஒஹாயோவில் பள்ளிக்கூட பஸ்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்று, பனி அள்ளி அள்ளி முதுகு போய், மனைவி லோர்னாவைக் கூட்டிக்கொண்டு தெற்கே வந்து சேர்ந்தவர். எதிரே யாராவது ஒருவர் ஒரு டோனட்டை நீட்டிக்கொண்டு, "வாத்தியாரே, இதைக் கொஞ்சம் புரிய வையேன்" என்று நிற்பார். கேட்க வந்தது எதுவென்று நினைக்கிறீர்கள்? பாயிண்ட்.

எங்கள் குடியிருப்பில் பாதிப் பேருக்கு மேல் ஏதாவது ஒரு விடுமுறைக் கிளப்பில் சிக்கியவர்கள்தான். எப்போதோ பொழுதுபோக்குப் பூங்காவுக்கு இலவச டிக்கெட் தருகிறோம் என்று கூப்பிட்டிருப்பார்கள். போய் உட்கார்ந்தவர்கள் அங்கத்தினராக எழுந்து வந்திருப்பார்கள். அங்கத்தினர் கணக்கில் வருஷா வருஷம் பாயிண்ட் ஏறும். அதைக் கொடுத்துக் கிளப்பின் கடற்கரை வீடுகளில் தங்கலாம். அந்த வருஷத்துக்குள் செலவழிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கெடுவுக்குள் அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைக்க வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் வெயிலில் வைத்த ஐஸ்தான். இதற்குமேல் ஆயிரம் விதி. தள்ளி வைத்த பாயிண்ட் வீட்டுக்குச் செல்லும், கப்பலுக்குச் செல்லாது. கப்பலுக்கு அந்த வருஷத்துப் பாயிண்ட்தான் வேண்டும், அதையும் கிளப் அடிமாட்டு விலைக்குத்தான் எடுத்துக்கொள்ளும். இவ்வளவையும் மனப்பாடமாக வைத்திருந்த ஒரே மனிதர் வெர்லின்.

"பாயிண்டைக் குடுத்துக் கப்பல்ல போறவன் மாட்டை வித்துக் கழுத்துமணி வாங்கறவன்" என்பார். கிளப்பில் இலவசக் காலை உணவு என்று கூப்பிட்டு, மேலும் பாயிண்ட் விற்கப் பார்ப்பார்கள். அதற்கும் அவரிடம் ஒரு பாடம் உண்டு. முட்டையைச் சாப்பிடு, பரிசு அட்டையை வாங்கிக்கொள், காபிக் கோப்பையைக் கவிழ்த்து வை, எழுந்து வா. அப்படியும் ஏமாந்து கையெழுத்துப் போட்டுவிட்டால், இத்தனை நாளுக்குள் வேண்டாம் என்று எழுதி அனுப்பலாம், சட்டம் அப்படிச் சொல்கிறது என்று அதையும் சொல்லித் தருவார். ஊரே அவரிடம் கேட்டது. லோர்னா மட்டும் கேட்டதில்லை. வீட்டிலேயே வாத்தியார் இருக்கும்போது பாடம் எதற்கு என்று விட்டுவிட்டாள்.

லோர்னாவுக்கு ஒரு அக்காள். வோண்டா என்று பெயர். அலாஸ்காவில் கெட்சிகன் என்ற ஊரில் மீன்பிடிக்கிறவரைக் கட்டிக்கொண்டு போனவள், அவர் போன பிறகும் அங்கேயே இருந்துவிட்டாள். இப்போது நுரையீரல் கெட்டு, மூக்கில் எந்நேரமும் பிராணவாயுக் குழாய். விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காளும் தங்கையும் நேரில் பார்த்து ஒன்பது வருஷம். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசுவார்கள். பேச்சு முழுக்கச் சண்டையாக இருக்கும், வைக்கத்தான் மனசு வராது. கிறிஸ்துமஸ் முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வோண்டா இருமி இருமிச் சொன்னாள்: "வர்றதா இருந்தா நான் இருக்கும்போதே வா லோர்னா. அப்புறம் பூ அனுப்பினா நான் பாக்க மாட்டேன்."

போனை வைத்த லோர்னா அன்றைக்கே வெர்லினிடம் கேட்டாள். அலாஸ்கா போகிற உல்லாசக் கப்பல்கள் கெட்சிகனில் ஒரு பகல் நிற்கும். ஒரு பகல் போதும். பாயிண்டைக் கொடுத்து அந்தக் கப்பலைப் பிடி, வாழ்நாளில் இந்த ஒரு தடவை மாட்டை விற்று மணி வாங்குவோம் என்றாள்.

காசு கொடுத்து விமான டிக்கெட் எடுத்துப் போயிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். இங்கே பாயிண்ட் வைத்திருப்பவர்களுக்கு அது தோன்றாது. கணக்கில் பாயிண்ட் கிடக்கும்போது பணம் செலவழித்து ஊருக்குப் போவது, குதிரில் நெல்லை வைத்துக்கொண்டு ஹோட்டலில் சாப்பிடுவது மாதிரி. ஒன்பது வருஷமாக அவள் அக்காளைப் பார்க்காததற்குக் காரணமே இதுதான். ஒவ்வொரு வருஷமும், அடுத்த வருஷம் பாயிண்ட் சேர்ந்துவிடும் என்று நினைத்தாள்.

வெர்லின் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "சரி கண்ணு. விடு, அது என் வேலை" என்றார். அவ்வளவுதான், லோர்னாவுக்குப் பாதிக் கடல் தாண்டிய மாதிரி இருந்தது.

பிப்ரவரியில், ஜூன் மாதம் சியாட்டிலில் கப்பல் ஏறுகிறோம் என்று சொன்னார். லோர்னா அக்காளுக்குச் சொன்னாள், வோண்டா முன்னறையை ஒழிக்க ஆரம்பித்தாள், லோர்னா இரண்டு மழைக்கோட்டு வாங்கினாள். மார்ச் மாதம், கப்பல் செப்டம்பரில் என்றார். ஜூனில் என்று சொன்னாயே என்றதற்கு, நான் எப்போது சொன்னேன் என்றார். இன்னொரு நாள், முதலில் பாயிண்ட் முழுவதையும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைக்க வேண்டும், பிறகுதான் கப்பல் என்றார்.

"தள்ளி வெச்சது கப்பலுக்குச் செல்லாதுன்னு நீதானே ஊருக்கெல்லாம் சொல்லுவே?" என்று கேட்டாள் லோர்னா.

"அது பழைய விதி. இப்ப மாத்திட்டாங்க."

விதியை மாற்றுவது கிளப்புக்குப் பல் துலக்குவது மாதிரி, தினசரி வேலை. ஆகவே லோர்னா நம்பினாள். அடுத்த வாரம் அவரே, தள்ளி வைத்தால் செல்லாது, யார் அப்படிச் சொன்னது என்று கேட்டார். லோர்னாவுக்குத் தலை கிறுகிறுத்தது. தனக்குத்தான் மறதி வந்துவிட்டதோ என்று பயந்து, குளிக்கும்போது தெருவில் இருக்கிறவர்கள் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எல்லாம் சரியாகத்தான் வந்தது. அப்படியும் சந்தேகம் போகவில்லை.

குளத்தடியில் லோர்னா இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியாரையே குழப்புகிற அளவுக்குக் கிளப் முன்னேறிவிட்டது என்று ஒருவர் சொன்னார். நான்கூடத் தண்ணீரில் நின்றுகொண்டு சிரித்தேன். மகள் கோலீன் ஒஹாயோவில் ஒரு பாங்க்கில் வேலை பார்க்கிறாள். அவளைக் கூப்பிட்டு, அப்பா ஒருநாள் ஒன்று சொல்கிறார், மறுநாள் வேறு சொல்கிறார் என்றதும் அவளும் சிரித்தாள்.

"அம்மா, நான் நாள் பூரா கணக்கு பாக்கறவ. எனக்கே அந்த பாயிண்ட் தலையும் புரியாது, வாலும் புரியாது. அப்பா ஒருத்தருக்குப் புரியுதே, அதுவே அதிசயம். அவரை விடு, எப்படியாவது உன்னை ஏத்திடுவார்."

லோர்னாவும் விட்டுவிட்டாள்.

ஏப்ரலில் கிளப்பிலிருந்து காலை உணவுக்கு அழைப்பு வந்தது. இருவரும் போனார்கள். ட்ரென்ட் என்று ஒரு இளைஞன், பற்கள் அத்தனையும் வெளியே தெரிய வந்து உட்கார்ந்தான். "மிஸ் லோர்னா, இந்த பிஸ்கட் ரொட்டிக்குத் தேன் ஊத்திக்கங்க" என்று அவனே ஊற்றிவிட்டான். பிறகு ஒரு திரையைத் திருப்பி வைத்து, இப்போது இருக்கிற படி வெள்ளி, அடுத்த படி தங்கம், தங்கப் படிக்கு ஏறிவிட்டால் கப்பலுக்குப் பாயிண்ட் பாதிதான் போகும், ஏறுவதற்குக் கொஞ்சம் பாயிண்ட் வாங்கினால் போதும், வாங்கியதைக் கொண்டு வாங்காததைத் தள்ளி வைக்கலாம் என்று மழை பெய்கிற மாதிரி பேசினான். லோர்னாவுக்கு ஒரு வார்த்தை ஏறவில்லை. அவள் வெர்லினின் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது கவிழ்ப்பார், இப்போது கவிழ்ப்பார் என்று காத்திருந்தாள். அவர் கவிழ்க்கவில்லை. ட்ரென்ட் சொன்னதற்கெல்லாம், ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினார். சிரித்த முகமாக இருந்தார். கடைசியில் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அவளையும் போடச் சொன்னார்.

லோர்னா போட்டாள். ஏன் போட்டாய் என்று பிறகு கோலீன் கேட்டபோது அவள் சொன்ன பதில் இதுதான்: வாத்தியார் போடச் சொன்னால் அதில் ஒரு கணக்கு இருக்கும் என்று நினைத்தேன்.

வண்டியில் வரும்போது, எதற்காக வாங்கினோம் என்று கேட்டாள். கப்பலுக்கு என்றார். முட்டை நன்றாக இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றாள். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் அதையே கேட்டார்.

மறுநாள் மேவிஸ் வந்தாள். எங்கள் தெருக் கோடியில் இருப்பவள், ஜார்ஜியாக்காரி, தொண்டை பெரிசு, மனசும் பெரிசு. அவளுக்கு இரண்டு பிள்ளைகள். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நன்றி சொல்லும் பண்டிகை வாரத்தில் கடற்கரையில் ஒரு வீடு எடுத்து, இரண்டு பேரையும் ஒரே கூரைக்குக் கீழே உட்காரவைத்து வான்கோழி பரிமாற வேண்டும் என்று பாயிண்டைச் சேர்த்து வைத்திருந்தாள். எந்தத் தேதிக்குள் தள்ளி வைக்க வேண்டும் என்று வெர்லினிடம் கேட்டு, அவர் சொன்ன தேதியில் போன் செய்திருக்கிறாள். கெடு எப்போதோ முடிந்துவிட்டது, பாயிண்ட் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

கோல்ஃப் வண்டியை விட்டு இறங்காமலேயே மேவிஸ் ஆரம்பித்தாள். "வாத்தியாராம் வாத்தியார். எத்தனை டோனட் வாங்கிக் குடுத்திருப்பேன் உனக்கு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்றதுக்கு வாய் இல்லையா? என் புள்ளைங்க ரெண்டும் சேர்றதுக்கு இருந்த ஒரே வழிய அடைச்சுட்டியே."

வெர்லின் கையில் இருந்த குழாயிலிருந்து தண்ணீர் செடிக்குப் போகாமல் அவர் செருப்பின் மேல் போய்க்கொண்டிருந்தது. "நான் சரியாத்தான் சொன்னேன் மேவிஸ்" என்றார். சொல்லிவிட்டு லோர்னா பக்கம் திரும்பினார். சத்தமில்லாமல், "சொன்னேனா?" என்று கேட்டார்.

அந்தப் பார்வையை லோர்னா அதுவரை பார்த்ததில்லை. ஐம்பது வருஷத்தில் அவர் கோபப்பட்டுப் பார்த்திருக்கிறாள், பொய் சொல்லிப் பார்த்திருக்கிறாள். இது இரண்டும் இல்லை. திருவிழாக் கூட்டத்தில் கையை விட்ட பிள்ளையின் முகம். அவள் போய்த் தண்ணீரை நிறுத்தினாள். மேவிஸ் என்ன திட்டினாள், எப்போது போனாள் என்பதெல்லாம் அவள் காதில் விழவே இல்லை.

உள்ளே வந்ததும் வாழ்க்கையில் முதல் தடவையாக லோர்னாவே கிளப்புக்குப் போன் செய்தாள். வெர்லினைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் பாட்டுப் போட்டுக் காக்கவைத்த பிறகு ஒரு பெண் வந்தாள். நல்ல குரல், நல்ல மரியாதை. எங்கள் அலாஸ்காக் கப்பல் எந்தத் தேதி, அதை மட்டும் சொல் என்றாள் லோர்னா.

அந்தப் பெண் தேடிப் பார்த்துவிட்டு, இவர்கள் பெயரில் இருப்பது அலாஸ்கா இல்லை, பஹாமாஸ் என்றாள். இங்கே பக்கத்துத் துறைமுகத்திலிருந்து மே மாதம் கிளம்புகிற கப்பல். அலாஸ்காவுக்கு முன்பு ஒரு தடவை போட்டிருந்தது, பிறகு ரத்தாகி, பிறகு செப்டம்பருக்குப் போட்டு, அதுவும் ரத்தாகி, பாயிண்ட் தள்ளி வைக்கப்பட்டு, கட்டணம் கட்டித் திரும்ப எடுக்கப்பட்டு, கடைசியில் இது.

"யார் ரத்து பண்ணினது?"

"சார்தான், மேடம். சார் எங்களுக்கு அடிக்கடி போன் பண்ணுவார். தினமும்கூடப் பண்ணியிருக்கார். நாங்க என்ன சொன்னாலும் சரிம்பார். ரொம்பத் தங்கமான மனுஷர்."

லோர்னா வெர்லினைப் பார்த்தாள். அவர் மேஜைத் துணியின் ஓரத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ஒரு மனுஷர் தினமும் கூப்பிட்டு ஒரே கேள்வியக் கேக்கறாரே, ஏன்னு உங்கள்ல ஒருத்தருக்கும் தோணலையா?"

அந்தப் பெண் உண்மையாகவே யோசித்துவிட்டுச் சொன்னாள்: "இங்க எல்லாருமே அப்படித்தான் கேக்கறாங்க, மேடம்."

லோர்னா போனை வைத்தாள். கெட்சிகனில் அக்காள் ஒழித்துவைத்த முன்னறை அவள் கண்முன் வந்தது. அழுகை வந்தது. அதைவிடப் பெரிய பயம் வந்ததால் அழுகை நின்றுவிட்டது. எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டாள். அவர் ஒளிக்கவில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர் மாதிரி சொன்னார்.

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே. மொதல்ல பாயிண்ட்தான் குழம்புச்சு. பாயிண்ட்தானே, யாருக்குத்தான் குழம்பலைன்னு விட்டேன். அப்புறம் கடைக்குப் போனா எதுக்கு வந்தேன்னு நிப்பேன். அந்தப் பையன் முட்டை குடுத்துப் பேசினானே, ஒண்ணும் புரியலை. ஆமாம்னு சொன்னா சீக்கிரம் விடுவான்னு சொன்னேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே, வெர்லின்."

"ஊரே எங்கிட்டதான் கேட்டுச்சு. நான் யாருகிட்டப் போய்க் கேக்கறது, கண்ணு?"

லோர்னா மேஜைத் துணியை அவர் விரல்களிலிருந்து விடுவித்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே மத்தியான மழை வந்து தகரக் கூரையில் கொட்டிவிட்டுப் போயிற்று.

அன்று போனில் கோலீன் சிரிக்கவில்லை. அந்த வாரக் கடைசியிலேயே வந்து இறங்கினாள். வந்தவள் முதலில் அப்பாவுக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, புதிதாகப் போட்ட கையெழுத்தை என்ன செய்யலாம் என்று அவரிடமே கேட்டாள். ஆச்சரியத்தைக் கேளுங்கள். நேற்றுச் சாப்பிட்டது நினைவில் இல்லாத மனிதர், எத்தனை நாளுக்குள் எழுதி அனுப்பவேண்டும், எப்படி அனுப்பவேண்டும், என்ன எழுதவேண்டும் என்பதை ஒரு தடுமாற்றம் இல்லாமல் ஒப்பித்தார். கெடு முடியவில்லை. அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதி அனுப்பினாள். ட்ரென்ட் போன் மேல் போன் போட்டான். ஒரு தடவை கோலீன் எடுத்து, நோயாளி ஒருவரை உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கியது உங்கள் மேலிடத்துக்குத் தெரியுமா என்று கேட்டாள். அதற்கப்புறம் போன் வரவில்லை.

வெர்லினை டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். மூளையைப் படம் எடுத்தார்கள், கேள்வி கேட்டார்கள், கடிகாரம் வரையச் சொன்னார்கள். மறதி நோயின் ஆரம்பம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். குணமாகாது, வேகத்தைக் குறைக்கலாம். முன்னாலேயே வந்திருந்தால் இன்னும் நல்லது என்றார் டாக்டர். அந்தக் கடைசி வாக்கியம் வண்டியில் மூன்று பேருடனும் வீட்டுக்கு வந்தது.

மேவிஸிடம் லோர்னாவே போய் உள்ளதைச் சொன்னாள். சாயந்திரம் மேவிஸ் ஒரு பெரிய தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். கோழியும் நூடுல்ஸும் பாலாடைக்கட்டியும் போட்டு அடுப்பில் சுட்டது. இங்கே சாவு வீட்டுக்குத்தான் அப்படிக் கொண்டுபோவார்கள்.

"இங்க யாரும் சாகலை, மேவிஸ்" என்றாள் லோர்னா.

"தெரியும். எனக்கு வேற ஒண்ணும் செய்யத் தெரியாதே" என்று சொல்லிவிட்டு மேவிஸ் அங்கேயே நின்று அழுதாள். தன் தேதியைத் தானே இன்னொரு தடவை கேட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்றாள். அவளுடைய பாயிண்ட் போனது போனதுதான். பண்டிகைக்குப் பிள்ளைகள் இரண்டு பேரையும் தன் சின்ன வீட்டுக்கே கூப்பிட்டிருக்கிறாள். ஒருவன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

பஹாமாஸ் கப்பலை ரத்து செய்தால் பாயிண்ட் திரும்ப வராது என்று கிளப் கையை விரித்துவிட்டது. சரி, போகட்டும் என்று கோலீன் கெட்சிகனுக்கு மூன்று விமான டிக்கெட் எடுத்தாள். இத்தனைக்குப் பிறகும் லோர்னாவுக்கு மனசு கேட்கவில்லை பாருங்கள். அடுத்த வருஷப் பாயிண்டை முன்கூட்டிக் கடன் வாங்கலாமாமே, அப்படிச் செய்தால் கப்பலிலேயே போகலாமே என்று இழுத்தாள்.

"அம்மா, பெரியம்மாவோட மூச்சு பாயிண்ட்ல ஓடலை" என்றாள் கோலீன். லோர்னா போய் மழைக்கோட்டுகளை எடுத்துப் பெட்டியில் வைத்தாள்.

ஜூலையில் போனார்கள். கெட்சிகனில் விமானம் இறங்குகிற இடம் ஒரு தீவு, ஊர் எதிர்க்கரை. நடுவில் இருக்கிற தண்ணீரைத் தாண்ட ஒரு சின்னப் படகு உண்டு. மழை தூறிக்கொண்டிருந்தது. கம்பியைப் பிடித்து நின்ற வெர்லின் தண்ணீரைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், பிறகு லோர்னாவைப் பார்த்துக் கவலையாகக் கேட்டார்: "இதுக்கு எத்தனை பாயிண்ட் ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. இது சும்மா படகு."

"நல்ல வேளை" என்றார். அதற்குள் அவர்கள் அக்கரை சேர்ந்துவிட்டார்கள்.

வோண்டா வாசலுக்கே வந்துவிட்டாள், பிராணவாயுக் குழாயைப் பின்னால் பாம்பு மாதிரி இழுத்துக்கொண்டு. தங்கையைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால், இவ்வளவு குண்டாகிவிட்டாயே என்றாள். நீ இவ்வளவு இளைத்துவிட்டாயே என்றாள் லோர்னா. ஒன்பது வருஷத்துச் சண்டையையும் முன்னறையில் உட்கார்ந்து போட்டு முடித்தார்கள். வெர்லின் ஜன்னலோரம் உட்கார்ந்து மீன் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுநடுவே, எப்போது கிளம்புகிறோம் என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் முதல் தடவை சொல்கிற மாதிரியே பதில் சொன்னார்கள்.

டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்ட வோண்டா வெர்லினைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"எனக்கும் போன் பண்ணினான். நாங்க எந்த மாசம் உங்க ஊருக்கு வர்றோம்னு எங்கிட்டயே கேட்டான். நீ வாத்தியார், எங்கிட்டக் கேக்கறியேன்னு சிரிச்சேன். அவனும் சிரிச்சான். மறுநாளும் பண்ணினான். அப்பவும் சிரிச்சேன்."

கோலீன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "எல்லாரும் சிரிச்சோம், பெரியம்மா. நான்தான் மொதல்ல சிரிச்சேன். வீட்டுல எல்லாத்தையும் ஒருத்தர் தலையில கட்டிட்டு, அவருக்குத் தெரியும், அவர் பாத்துப்பார்னு நாம கால் நீட்டிக்கறோம். அவர் தடுமாறினா அதை வேடிக்கைன்னு நெனைக்கறோம். எப்பவும் பதில் சொல்ற மனுஷர் கேள்வி கேக்க ஆரம்பிச்சார்னா சிரிக்கக் கூடாது. பக்கத்துல உக்காந்து, உனக்கு என்ன பண்ணுதுன்னு கேக்கணும். அதுக்கு ஒரு டிக்கெட்கூட வேண்டாம்."

வோண்டா தன் பிராணவாயுக் குழாயைச் சரிசெய்துகொண்டு, நாற்காலியோடு நகர்ந்து வெர்லினுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எந்தப் படகைப் பார்க்கிறாய் என்று கேட்டாள். அவர் விரலை நீட்டிக் காட்டினார்.

நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, கோலீன் சொன்னதுதான். கேட்கிற கூட்டம் பெரிதாக இருக்கிற ஆளுக்குத்தான் கேட்பாரே இல்லாமல் போகிறது. உங்கள் வீட்டிலும் பாங்க் கணக்கு, வரி, மருந்து, பயணம் என்று எல்லாவற்றையும் சுமக்கிற ஒருவர் இருப்பார். இன்றைக்கு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். பாதியை நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள், மீதியை அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று விசாரியுங்கள். புரியவில்லை என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். சொல்கிறவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

இதே மாதிரி உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நடந்திருக்கிறதா? யார் முதலில் கவனித்தார்கள், எப்படிக் கவனித்தார்கள், என்ன செய்தீர்கள்? சின்ன விஷயமாக இருந்தாலும் எனக்கு எழுதுங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றுவிடாமல் படிப்பேன்.